கரிச் சுரங்கத்தில் ஒரு பட்டுச் சேலை

எங்கள் கோயில் பங்கில் ஐப்பசி வந்தால் மலையேறியே ஆக வேண்டும். மழை கொட்டுகிற மாதத்தில் எதற்கு மலை என்று கேட்டால், அது செபமாலை மாதம் என்பார்கள். மே மாதமும் மாதாவுக்கு வணக்க மாதம்தானே, அப்போது வெயிலாவது இருக்குமே என்று ஒருமுறை கேட்டுவிட்டு உபதேசியாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவர் கோயிலில் ஞானோபதேசம் படிப்பிப்பவர். கல்யாணம் பேசி முடிப்பதும் அவர்தான். இரண்டிலும் எதிர்க்கேள்வி கேட்டால் அவருக்குப் பிடிக்காது.

கண்டியிலிருந்து பஸ்ஸில் மாத்தளை ரோட்டில் போய் அலவத்துகொடையில் இறங்கி, ஒற்றையடிப் பாதையில் ஏறினால் பாதி மலையில் பழைய பென்சில் கரிச் சுரங்கம் வரும். அதற்கும் மேலே மாதா கெபி, கல்லால் குகைபோல் கட்டி மாதா சுரூபம் வைத்த இடம். பெரிய சண்டைக் காலத்தில், முதலாவது உலக யுத்தத்தின்போது, கரிக்கு வெளிநாட்டில் நல்ல கிராக்கி இருந்ததாம். அப்போது அங்கே வேலை செய்த நம்மவர்கள் கட்டிய கெபி அது. சண்டை முடிந்து விலை விழுந்ததும் சுரங்கத்தைப் போட்டுவிட்டு எல்லோரும் போய்விட்டார்கள், மாதா மட்டும் அங்கேயே நின்றுவிட்டாள். அவளைத் தனியாக விடக்கூடாது என்றுதான் வருடத்துக்கு ஒருமுறை நாங்கள் கூட்டமாகப் போவோம்.

நான் சொல்லப்போகும் வருடம் முப்பதுகளின் தொடக்கம். நான் அப்போது கண்டியில் கன்னியர் நடத்திய பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு டீச்சர். என் வகுப்பில் முன்னால் ஒரு கதிரை உண்டு, ஒரு கை உடைந்து கயிற்றால் கட்டியது. அதில் உட்கார்ந்தால்தான் எனக்கு உடம்பு நிமிரும். வீட்டில் "அடியே", கோயிலில் "கிளாக்கர் மக", அந்தக் கதிரையில் மட்டும் "டீச்சர்". ஆனால் அங்கே ஒரு சட்டம் இருந்தது. கல்யாணமான பெண்ணுக்கு வேலை கிடையாது. சேரும்போதே தலைமைக் கன்னியரான மதர் அதைச் சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டார். "அதுவரைக்கும் நல்லாப் படிச்சுக் குடு மகளே" என்றார்.

அன்று காலையில் அம்மா தன் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. "மலையேறப் போறதுக்கு எதுக்கும்மா சங்கிலி?" என்றேன். "மாதாவுக்கு முன்னால மொட்டைக் கழுத்தோட நிக்கக்கூடாது" என்றார். நான் என் சம்பளத்தில் வாங்கிய நீலக் கட்டம் போட்ட நூல் சேலையைக் கட்டிக்கொண்டேன். அம்மாவுக்கு அதில் திருப்தியில்லை. மலைக்கு அதுதான் தோது என்று சொல்லி நழுவிவிட்டேன்.

பஸ்ஸில் ஏறியதும் சந்தேகம் தீர்ந்தது. எங்களுக்கு முன் ஆசனத்தில் பேராதனை ரோட்டில் குடியிருக்கும் ஒரு விதவை அம்மாள், பக்கத்தில் அவருடைய மகன். நானுஓயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் கிளாக்கர் என்று உபதேசியார் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அந்த அம்மாள் திரும்பி என்னை முதலில் காலிலிருந்துதான் பார்த்தார். மடியில் ஒரு துணி மூட்டை வைத்திருந்தார், வழி நெடுக அதை யாரிடமும் கொடுக்கவில்லை.

எங்கள் ஆட்களிடம் பெண் பார்ப்பது வீட்டில் வைத்து நடப்பதில்லை. பூசைக்குப் போன இடத்தில், திருநாளுக்குப் போன இடத்தில், தற்செயலாகச் சந்தித்ததுபோல நடக்கும். பிடிக்காவிட்டால் பூசைக்கு வந்தோம் போனோம் என்று இரண்டு பக்கமும் மரியாதையாகக் கலைந்துவிடலாம். பிடித்துவிட்டால், மாப்பிள்ளையின் தாய் தன் கையால் பெண்ணின் தோளில் ஒரு சேலையைப் போர்த்துவாள். கூட நிற்பவர்கள் மாதாவை நோக்கி ஒரு பிரியதத்த மந்திரம் சொல்வார்கள். அதோடு சரி. அதற்குப் பிறகு பேச்சு மாறுவது கிடையாது. பெண் அந்தச் சேலையைத் தோளில் வாங்கிக்கொண்டாலே அவள் சம்மதம் சொன்னதாகக் கணக்கு. வேறு சம்மதம் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அலவத்துகொடைச் சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா, மலையைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார். "இன்டைக்கி மழ ஈக்கிது. போற எண்டா வெள்ளென இறங்கிடுங்கோ" என்றார். உபதேசியார், "மாதா பாத்துக்குவா" என்று சொல்லிச் செபமாலையை எடுத்தார். எனக்கு அப்படியே அடுத்த பஸ்ஸில் கண்டிக்குத் திரும்பிவிட வேண்டும்போல இருந்தது. ஆனால் ஒரு பெண் தனியாகத் திரும்பிப் போவதற்கு என்ன காரணம் சொல்வாள்? தலைவலி என்றால் அம்மா கூட வருவார். அம்மா வந்தால் அப்பா வருவார். அப்பா வந்தால் வீடு போய்ச் சேரும்வரை வாய் ஓயாது. நான் ஏறத் தொடங்கினேன்.

பாதை ஒரு ஆள் நடக்கும் அகலம்தான். யார் யாருக்குப் பின்னால் நடப்பது என்பதை உபதேசியார் அடுக்கிவைத்தார். எனக்கு முன்னால் அந்த அம்மாள், பின்னால் அம்மா, அம்மாவுக்குப் பின்னால் அப்பாவும் மாப்பிள்ளையும். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் நிற்க முடியாது. ஒரு பக்கம் மானா புல் ஆள் உயரத்துக்கு, மறுபக்கம் சரிவு. மூச்சு வாங்க ஒரு இடத்தில் நின்றால் உடனே ஒரு கேள்வி வரும். "சமைக்கத் தெரியுமா புள்ள?" "தெரியும் அத்தை." மகன் உள்ள எந்த அம்மாளையும் அத்தை என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். அன்றுதான் அந்த வார்த்தைக்கு மாமியார் என்றும் ஒரு அர்த்தம் இருப்பது எனக்கு நினைவுக்கு வந்தது. "படிப்பிக்கிறது எல்லாம் கல்யாணம் வரைக்குந்தானே?" நான் அட்டை கடித்ததுபோல் குனிந்து காலைப் பார்த்தேன். உண்மையிலேயே இரண்டு அட்டைகள் இருந்தன. அவற்றுக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன்.

அந்தப் பையனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அவர் மோசமானவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். வழுக்குகிற இடத்தில் அம்மாவுக்குக் கை கொடுத்தார். அப்பாவின் குடையைத் தூக்கிக்கொண்டு வந்தார். என்னை ஒருமுறைகூட முறைத்துப் பார்க்கவில்லை. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காத ஆளை வேண்டாம் என்று சொல்ல எங்கள் வீட்டில் வழியே கிடையாது. எனக்குப் பள்ளிக்கூடம்தான் வேண்டும் என்றால், கதிரைக்கும் கரும்பலகைக்குமா மாப்பிள்ளையை விடுகிறாய் என்பார்கள். ஆமாம், அதற்குத்தான். அதை உரக்கச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

சுரங்கத்துப் பக்கம் வந்தபோது தரையின் நிறமே மாறியது. மண் கறுத்து மினுங்கியது. மிதித்தால் சோப்பு மாதிரி வழுக்கும். கையை ஊன்றினால் உள்ளங்கை வெள்ளிபோல் பளபளக்கும், எதில் துடைத்தாலும் அதிலும் ஒட்டும். பழைய கொட்டில்களின் தகரங்களை யாரோ எப்போதோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள், வெறும் தூண்கள் நின்றன. மலையின் வயிற்றில் குடைந்த சுரங்க வாய் கதவில்லாத அறைபோல் திறந்து கிடந்தது.

அங்கே நின்று மூச்சு விடுவதற்குள் உச்சி மறைந்தது. மேகம் இறங்கி வந்து கெபிக்குப் போகும் பாதையை விழுங்கியது. ஒரு இடி இடித்தது, மலையே அதிர்ந்தது. ஐப்பசி மழையைக் கண்டிக்காரருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தூறிப் பார்த்துப் பெய்யும் வழக்கம் அதற்குக் கிடையாது. "உள்ள போங்க, உள்ள போங்க" என்று உபதேசியார் கத்த, எல்லோரும் சுரங்க வாய்க்குள் ஓடினோம். அம்மாவின் கால் வழுக்கியதால் அவரைப் பிடித்துக்கொண்டு நான் கடைசியாகப் போனேன். உள்ளே போகும்போது என் சேலையில் நனையாத நூல் ஒன்று இல்லை.

உள்ளே இருபதுக்கு மேற்பட்டவர்கள், நிமிர்ந்து நிற்க முடியாத உயரம். கொஞ்சம் உள்ளே போனால் கரி தோண்டி இறங்கிய குழி. அதில் தண்ணீர் நிறைந்து கிடந்தது, உளுத்த ஏணி ஒன்றின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. "அந்தப் பக்கம் யாரும் போகாதீங்க, ஆழம் தெரியாது" என்றார் உபதேசியார். வெளியே மழை திரைபோல விழுந்தது. நாங்கள் வந்த பாதையில் செந்தண்ணீர் ஓடையாக ஓடியது. பின்னால் குழி, முன்னால் மழை, இரண்டு பக்கமும் என் கல்யாணத்தை விரும்பும் ஆட்கள். எனக்கு உண்மையாகவே மூச்சு முட்டியது. சுரங்கம் இடிந்தாலும் பரவாயில்லை என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அவ்வளவு பேரையும் சேர்த்து நினைத்தேனே என்று அடுத்த கணம் சிலுவை போட்டுக்கொண்டேன்.

பற்கள் கிடுகிடுவென்று அடிக்கத் தொடங்கின. நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை. இருட்டில் யாரோ என் கையைத் தொட்டுப் பார்த்தார்கள். அந்த அம்மாளின் குரல் கேட்டது. "ஐயோ, ஐஸ் மாதிரி இருக்கே. இப்படியே நின்னா காய்ச்சல் வந்துரும். இந்தா புள்ள, இத மாத்திக்க." மூட்டை அவிழும் சத்தம். பெண்கள் ஒரு சால்வையை மறைப்பாகப் பிடித்தார்கள். நான் ஈரச் சேலையை அவிழ்த்துப்போட்டேன். அந்த அம்மாளே உலர்ந்த சேலையின் ஒரு தலைப்பை என் தோளில் போட்டார், மீதியை நான் சுற்றிக்கொண்டேன். அந்தக் கதகதப்பு எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை இப்போதும் மறைக்க விரும்பவில்லை. உலர்ந்த துணியைத் தவிர உலகத்தில் வேறு ஒன்றும் வேண்டாம் என்று இருந்தது.

பிறகுதான் யாரோ கெபிக்குக் கொண்டுவந்த மெழுகுதிரிகளை ஏற்றினார்கள்.

அரக்குச் சிவப்பு. ஒரு சாண் சரிகைக் கரை. விரலில் பட்ட வழவழப்பு ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. மலையேற வருகிற எவளாவது மாற்றுத் துணியாகப் பட்டுச் சேலை கொண்டுவருவாளா? கெபியில் மாதாவுக்கு முன்னால் வைத்துப் போர்த்துவதற்காகக் கொண்டுவந்த சேலை அது. மழை வந்ததால் கெபி இல்லை, சுரங்கம். மற்றபடி எல்லாம் முறைப்படி நடந்துவிட்டது. மாப்பிள்ளையின் தாய் தன் கையால் போர்த்தினார். நான் தோளில் வாங்கிக்கொண்டேன். சாட்சிக்குப் பாதிப் பங்கு மக்கள் மெழுகுதிரி பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அப்பாவின் முகம் மலர்ந்ததை மெழுகுதிரி வெளிச்சத்தில் பார்த்தேன். உபதேசியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்று தொடங்கினார். சுரங்கம் அதை வாங்கி எதிரொலித்தது. மந்திரத்தின் பின்பாதியை எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். அதில் என் குரலும் இருந்தது. பேசத் தெரிந்த நாள் முதல் அந்த முன்பாதியைக் கேட்டால் பின்பாதி தானாக வந்துவிடும். என் வாயே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. ஆமென் என்று முடித்த பிறகுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்கு உறைத்தது.

இப்போதே கழற்றிக் கொடுத்துவிட்டு என் ஈரச் சேலையைக் கட்டிக்கொள்ளலாம் என்று தோன்றியது. அதைத் தேடினேன். அம்மா அதைப் பிழிந்து ஒரு கல்லில் போட்டிருந்தார். நான் கை நீட்டுவதற்குள் அந்தப் பையன் வந்து நின்றார். மழை சற்றுத் தணிந்தபோது வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார், தலை முழுக்க நனைந்திருந்தது. "கீழ ஓடை பெருகிருச்சு. இருட்டுறதுக்குள்ள தாண்டிரணும். பிடிச்சுக்கிட்டுப் போக ஒரு கயிறு வேணும். அந்த நூல் சேலையக் குடுக்கிறீங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அன்று முழுவதும் அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான். நான் என்ன சொல்ல முடியும்? வயசானவர்கள் இருந்தார்கள். சேலையை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் அதை முறுக்கி, முதலில் தான் தாண்டி, அந்தக் கரையில் ஒரு மரத்தில் கட்டினார். இந்தக் கரையில் அப்பா கட்டினார். ஒவ்வொருவராக என் நீலக் கட்டச் சேலையைப் பிடித்துக்கொண்டு தாண்டினார்கள். நானும் பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, என் சொந்தச் சேலையைப் பிடித்தபடி தாண்டினேன். எல்லோரும் வந்த பிறகு அதை அவிழ்க்கப் பார்த்தார்கள். ஈரத்தில் முடிச்சு இறுகிப்போய் அவிழவில்லை. "விடுங்க, அதுதான் வேற சேலை வந்திருச்சே" என்றார் உபதேசியார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது அது ஓடைக்கு மேலே தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் வீடு கல்யாண வீடாகிவிட்டது. வருகிற ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பது என்று முடிவானது. இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் விவாகம் என்று பலிபீடத்திலிருந்து குருவானவர் படித்துவிட்டால், பிறகு ரோமிலிருக்கும் பாப்பரசராலும் மாற்ற முடியாது. நான் எனக்கு இஷ்டமில்லை என்று அப்பாவிடம் சொன்னேன். "இஷ்டமில்லாமத்தான் தோள்ல வாங்கிக்கிட்டியா?" என்று கேட்டுவிட்டு அவர் பேப்பரை விரித்துக்கொண்டார். அம்மா அடுப்பங்கரையை விட்டு வெளியே வரவில்லை.

புதன்கிழமை மதர் கூப்பிட்டார். உபதேசியார் மூலம் விஷயம் போயிருந்தது. "ரொம்பச் சந்தோஷம் மகளே. நத்தாருக்குப் பிறகு, ஜனவரியில, மூணாம் வகுப்ப யாருக்குக் குடுக்கலாம்னு நீயே சொல்லு" என்றார். நான் வகுப்புக்குத் திரும்பி வந்து அந்தக் கதிரையில் உட்கார்ந்தேன். பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு எண்ணும் காதில் விழவில்லை. அந்தச் சுரங்கத்திலிருந்து நான் இன்னும் வெளியே வரவில்லை என்றே இருந்தது. மழை விட்டுவிட்டது, மற்றவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள், நான் மட்டும் உள்ளே நிற்கிறேன்.

பட்டுச் சேலை வீட்டில் கொடியில் தொங்கியது. தலைப்பில் உள்ளங்கை அகலத்துக்குக் கரி பட்டிருந்தது. சுவரில் சாய்ந்தபோது ஒட்டியிருக்க வேண்டும். அன்றிரவு பூந்திக்கொட்டை ஊறவைத்து, விடிந்ததும் நானே அதை அலசினேன். அழுக்கு போயிற்று, செம்மண் போயிற்று, கரி மட்டும் போகவில்லை. தேய்க்கத் தேய்க்க அதிகமாக மினுங்கியது. நிழலில் காயப்போட்டேன். அது காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் என்ன செய்வது என்று எனக்குப் பட்டது.

சனிக்கிழமை, சாமான் வாங்கிவருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சேலையை ஒரு பழைய துணியில் சுற்றிக்கொண்டு பேராதனை ரோட்டில் நடந்தேன். பெண் தானாக மாப்பிள்ளை வீட்டுப் படி ஏறுவது எங்களிடம் கேள்விப்படாத சங்கதி. ஏறி, நானே கதவைத் தட்டினேன். கதவைத் திறந்த அந்த அம்மாள் என்னையும் துணியையும் பார்த்துவிட்டு விலகி வழி விட்டார். மகன் தோட்டத்துக்குத் திரும்பிவிட்டிருந்தார்.

நான் உட்காரவில்லை. சேலையை இரண்டு கையாலும் நீட்டினேன்.

"நனஞ்சு நின்னப்போ குடுத்தீங்க அத்தை. காஞ்சிருச்சு, கொண்டாந்திருக்கேன்."

அவர் வாங்கவில்லை. என் கையில் இருக்கும்போதே துணியை விலக்கி, தலைப்பைப் பிரித்துப் பார்த்தார். கறையின்மேல் விரலை வைத்தார். "மாதாவுக்கு முன்னால மந்திரம் சொன்னோமே புள்ள" என்றார்.

"மழையில மாட்டிக்கிட்டா எல்லாரும்தான் மந்திரம் சொல்லுவாங்க."

"எம் மகன்கிட்ட என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல. நல்லவரு. எனக்குப் பள்ளிக்கூடம் வேணும் அத்தை. கல்யாணம் ஆனா அத எடுத்துருவாங்க. எனக்கு அது வேணும்." முதன்முதலாக அதை உரக்கச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் நீட்டிய கையை மடக்கவில்லை.

"இந்தக் கறையோட நான் இத வேற ஒரு பொண்ணுக்குப் போர்த்த முடியாது. தெரியுமா உனக்கு?"

"தெரியும். அடிச்சு அலசித்தான் பாத்தேன், போகல."

அவர் கறையை மறுபடி ஒருமுறை விரலால் தேய்த்துப் பார்த்தார். என் கை வலித்தது. இவர் வாங்காவிட்டால் நாளைக் காலை ஓலை வாசித்துவிடுவார்கள், பிறகு நான் எந்தக் கதவைத் தட்டுவேன் என்று மனசில் ஓடியது. கடைசியில் சேலையை என் கையிலிருந்து எடுத்து, ஒழுங்காக மடித்து, அலுமாரியில் வைத்துப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே, என்னைத் திரும்பிப் பார்க்காமல் பேசினார்.

"ஓலை வாசிக்க வேண்டாம்னு கோயில் சாமியார்கிட்ட நானே சொல்லிக்கிறேன். இனிமே என்னை அத்தைன்னு கூப்பிடாதீங்க. மழை வரும்போல இருக்கு, சீக்கிரம் போங்க டீச்சர்."

அதுவரை என்னைவிட மூத்த ஒருவரும் என்னை டீச்சர் என்று கூப்பிட்டதில்லை. பேராதனை ரோடு முழுக்க அழுதுகொண்டே நடந்தேன். மழையும் வந்தது. இந்த முறை நனைந்துகொண்டே வீடு போய்ச் சேர்ந்தேன்.